மீண்டும் கேட்க வேண்டாம்

அப்பா ஒரு கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் எழுத்தராக இருந்தார். பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேறு பிரிவுக்குப் போக வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சட்டைப் பையின் விளிம்பில் எப்போதும் ஐந்தாறு குண்டூசிகள் குத்தியிருக்கும். அதனால் அலுவலகத்தில் அவர் பெயர் குண்டூசி. மாணவர்களுக்குக் குண்டூசி சார். துணி துவைக்கும் முன் அம்மா அவற்றை எண்ணி எடுப்பாள். ஒன்று தப்பி விரலில் ஏறினால் அன்று அவள் திட்டுவது தெருமுனை வரை கேட்கும்.

பேருந்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால். மடியில் இருந்த பை சாயக்கூட இல்லை என்று நடத்துநர் சொன்னார்.

பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை காலையில், அவருடைய மேலாளர் அழைத்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. அப்பாவோட பீரோ சாவி வீட்டுல இருக்கா? திங்கக்கிழமை ஆடிட்."

சாவி இருந்தது. அதை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். மறுநாள் நானே போனேன்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். தராசு, வெப்பமானி, அழுத்தமானி. ஒரு கருவி சரியாகக் காட்டுகிறது என்று நான் கையெழுத்துப் போட்டால், எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு தாள் இருக்க வேண்டும். தாள் இல்லாவிட்டால் என் கையெழுத்து வெறும் கிறுக்கல். தணிக்கை என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரிவு முதல் மாடியில் கடைசி அறை. மூன்று மேசை, நான்கு பீரோ, கூரையில் ஒரு மின்விசிறி. அது தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே யோசித்துக்கொண்டு சுற்றியது. அப்பாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதன் மேல் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள்.

தணிக்கைக்கு நாற்பது மாணவர்களின் பட்டியல் வந்திருந்தது. விண்ணப்பம், வருமானச் சான்று, வருகைப் பதிவு, வங்கிப் புத்தக நகல் என்று ஒவ்வொரு கோப்பிலும் இருக்க வேண்டியவை இருக்கின்றனவா என்று மேலாளரும் தட்டச்சு அக்காவும் பார்த்து முடித்திருந்தார்கள். இருபத்தொன்பது கோப்புகளில் குறை இல்லை. பதினொன்றில் ஒரே ஒரு தாள் இல்லை. அவை எல்லாமே தாயையோ தந்தையையோ இழந்த மாணவர்களுக்கான உதவித்தொகைக் கோப்புகள். இல்லாத தாள், இறப்புச் சான்றிதழ்.

தாள் இருக்க வேண்டிய இடத்தில் சிறிய இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்று குண்டூசியால் குத்தியிருந்தது. அப்பாவின் கையெழுத்து, சற்றே இடப்பக்கம் சாய்ந்தது.

'சான்று தனியே உள்ளது. எண் 17. மீண்டும் கேட்க வேண்டாம்.'

பதினொன்றிலும் அதே வாசகம். எண் மட்டும் வேறு.

"தனியேன்னா எங்கம்மா?" என்றார் மேலாளர். இங்கே வந்து மூன்று ஆண்டுதான் ஆகிறது. நல்ல மனிதர், பயந்தவர். "பீரோவுக்குள்ள இருக்கும்னு நினைச்சுதான் சாவி கேட்டேன்."

பீரோவைத் திறந்தோம். பழைய பதிவேடுகள், முத்திரை மை, ஒரு குடை, பிஸ்கட் டப்பா நிறையக் குண்டூசி. சான்றிதழ் ஒன்றுகூட இல்லை.

மேலாளர் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"தாள் இல்லாம தொகை குடுத்திருக்குன்னு எழுதுவாங்க. கையெழுத்து யாருதுன்னு பார்ப்பாங்க. அப்பா பேருதான் வரும். அறிக்கையில ஒருதடவை வந்துட்டா அப்புறம் அழிக்க முடியாதும்மா. பதில் சொல்ல அவரும் இல்ல."

இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவருக்கு மிஞ்சும் கடைசி வரி அதுவாக இருக்கும். நான் அவருடைய நாற்காலியில் இருந்த கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"பசங்களுக்கே போன் போட்டு இன்னொரு நகல் வாங்கிடலாம் சார்," என்றாள் அக்கா. வேறு வழி எங்களுக்கும் தோன்றவில்லை. முதல் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

எடுத்தது ஒரு பெண். அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"அதுதான் முதல் வருஷமே குண்டூசி சார்கிட்ட குடுத்துட்டேனே," என்றது குரல். "இனிமே இதை யாரும் உன்கிட்ட கேக்க மாட்டாங்கன்னு சொன்னாரே. ஏன், சார் இல்லையா? சார்கிட்ட குடுங்க, அவருக்குத் தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சரிம்மா. நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். இரண்டாவது எண்ணை அவள் அழுத்தவில்லை. மேலாளரும் அழுத்தச் சொல்லவில்லை.

அந்தப் பத்தொன்பது நாளில் நான் ஒன்பது இடங்களில் அந்தத் தாளைக் கொடுத்திருந்தேன். வங்கி, மின்வாரியம், எரிவாயு, காப்பீடு, தொலைபேசிக் கடை. ஒவ்வொரு ஜன்னலிலும் "யாரு இறந்தது?" என்று கேட்பார்கள். தாளிலேயே இருக்கும். இருந்தாலும் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் இந்த உதவித்தொகையை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் சீட்டின் கடைசி மூன்று வார்த்தைகளுக்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் தணிக்கைக்கு விளக்கம் போதாது. தாள் வேண்டும்.

மதியம் வரை தேடினோம். மற்ற மூன்று பீரோ, மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய பெட்டி, முதல்வர் அறை அலமாரி. கிடைக்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது.

"இந்த ஃபேனுக்கு என்ன வியாதி?" என்றேன்.

"அதைக் கேக்காதே. ஒன்பது வருஷமா இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கிடக்கு," என்றாள் அக்கா.

"கண்டென்சர் போயிருக்கும். டீ குடிக்கிற காசு, பத்து நிமிஷ வேலை."

"இதைச் சொல்ல ஒரு இன்ஜினீயர் வரணுமா? உங்கப்பாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன். எழுதிக்கிட்டிருக்கேன், எழுதிக்கிட்டிருக்கேன்னு சொல்வார். ஃபைலைப் பாரு, தலையணை கணக்கா இருக்கு. ஃபேன்தான் இன்னும் ஒழுங்கா சுத்தல."

அவள் காட்டியது ஜன்னலோரம், மாதாந்திரச் சுற்றறிக்கைகளுக்கு நடுவே நின்ற ஒரு பெட்டிக் கோப்பு. முதுகில் அப்பாவின் எழுத்து: 'மின்விசிறி பழுது – நடவடிக்கையில்'.

எங்கள் கூடத்தில் பெரிய பெரிய இயந்திரங்கள் பழுதாகியிருக்கின்றன. அவற்றின் கோப்பு இரண்டு விரல் கனம் தாண்டியதில்லை. ஒரு கண்டென்சருக்கு நான்கு விரல் கனத்தில் என்ன எழுத முடியும்?

"அக்கா, அதை எடுங்க."

மேலே இரண்டு புகார்க் கடிதங்கள், உண்மையானவை. அதற்குக் கீழே முந்தைய முதல்வரின் ஆணை, முத்திரையோடு. ஒன்பது ஆண்டுக்கு முந்தைய தேதி. 'இப்பிரிவு மாணவரிடம் சான்றிதழை ஒரு முறை பெற்றால் போதுமானது. எழுத்தர் அதைத் தன் தனிப் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும்.' அதற்கும் கீழே கண்ணாடித்தாள் உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சான்றிதழ், முதல்வரின் சரிபார்ப்புக் கையெழுத்துடன். மூலையில் எண்.

மேலாளர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். மூன்று ஆண்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று அக்கா பிறகு சொன்னாள்.

எண்களைச் சீட்டுகளோடு ஒப்பிட்டோம். நான் வாசிக்க, அக்கா எடுத்து வைத்தாள். பத்துச் சான்றிதழ்கள் கிடைத்தன. முப்பத்தொன்றாம் எண் மட்டும் இல்லை. மேலாளரின் சிரிப்பு நின்றது. நான் முப்பதாம் எண் உறையை எடுத்து விரலால் தடவினேன். கனம் சரியில்லை. வெயிலில் இரண்டு உறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரிக்கும்போது சர்ரென்று சத்தம் வந்தது. அடியில் இருந்தது முப்பத்தொன்று.

அக்கா தண்ணீர்ப் புட்டியைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். அப்புறம்தான் அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது.

"ஒருதடவை கவுன்டர்ல ஒரு பொண்ணோட சான்றிதழ் மேசை மேல திறந்து கிடந்துச்சு. பின்னால வரிசையில நின்னவ அதைத் தலைகீழாவே படிச்சுட்டு, 'உங்கம்மா செத்துட்டாங்களாடி?'ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கேட்டுட்டா. அந்தப் பொண்ணு விண்ணப்பத்தைக்கூட எடுக்காம ஓடிப்போயிட்டா. உங்கப்பா விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு விடுதி வரைக்கும் போனார். திரும்பி வந்ததும் நேரா முதல்வர் ரூமுக்குப் போனார்."

ஃபேன் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒன்பது ஆண்டு அது தப்பவில்லை.

திங்கட்கிழமை நானும் போயிருந்தேன். தணிக்கை அதிகாரி வந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஐம்பது வயது அம்மாள். நாற்பது கோப்பையும் வரிசையாகப் பார்த்தார். முதல் இளஞ்சிவப்புச் சீட்டில் நின்றார். மேலாளர் பெட்டியைத் திறந்து ஆணையைக் காட்டினார். அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். பதினொரு உறைகளையும் எடுத்து, எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பச்சைப் பென்சிலால் குறியிட்டார்.

"யாரு இப்படி வெச்சது?"

"எங்க எழுத்தருங்க மேடம். போன மாசம் தவறிட்டார். இது அவர் பொண்ணு. சாவி குடுக்க வந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

"மத்த இடத்துல இந்தப் பிரிவுக்கு மட்டுமே எனக்கு மூணு நாள் ஆகும்," என்று மேலாளரிடம் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. பெட்டி மேல மின்விசிறின்னு எழுதியிருக்கு."

"மாத்திடறோம் மேடம்."

"மாத்த வேணாம். அது இருக்கட்டும்."

மாலையில் குறிப்பு வந்தது. மாணவர் உதவித்தொகைக் கோப்புகளில் குறைபாடு இல்லை என்று ஒரே வரி. அப்பாவின் பெயர் எங்கும் இல்லை. தணிக்கை அறிக்கையில் பெயர் வராததைவிட ஓர் எழுத்தருக்குப் பெரிய மரியாதை கிடையாது. நடைபாதைக்குப் போய் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"இதுக்குத்தான் நாலு நாளா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தியா?" என்றாள். "அவர் விட்டிருப்பாரா? வீட்டுல ஒரு பால் சீட்டைத் தூக்கிப்போட விட்டாரா?" சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். இறப்புக்குப் பிறகு அப்பாவைப் பற்றி அவள் குறைசொன்னது அதுதான் முதல் முறை. கேட்க நன்றாக இருந்தது.

திரும்பி உள்ளே போனபோது மேலாளர் தயங்கினார்.

"அப்பாவோட பணிப் பதிவேட்டுக்கு அந்தத் தாள் ஒண்ணு வேணும்மா."

பையில் இருந்தது. பத்தாவது நகல். நீட்டினேன். யார் இறந்தது என்று அவர் கேட்கவில்லை. வாங்கி ஓர் உறையில் போட்டு, மூலையில் நாற்பத்திரண்டு என்று எண் எழுதி, பெட்டிக் கோப்பில் வைத்தார். பிறகு இளஞ்சிவப்புச் சீட்டில் அதே வாசகத்தை எழுதி அப்பாவின் பதிவேட்டில் குத்தினார். குண்டூசி அந்தப் பிஸ்கட் டப்பாவிலிருந்து.

என் பையில் இன்னொன்றும் இருந்தது. காலையில் வரும் வழியில் வாங்கிய கண்டென்சர். மேசை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"இரும்மா, இரு," என்றார் மேலாளர். "பழுதைச் சரி பண்ணிட்டா ஃபைலை முடிக்கணும். முடிச்ச ஃபைல் பதிவறைக்குப் போயிடும். அங்க கண்டவனும் எடுத்துப் பார்ப்பான்."

அக்கா வாயில் கை வைத்தாள். "அடப்பாவி மனுஷா! அதுக்காகவா ஒன்பது கோடை எங்களை வேகவெச்சார்?"

நான் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "நான் சரி பண்ணதா எங்கயும் எழுத வேணாம் சார். புகார் அப்படியே இருக்கட்டும்."

சுவிட்சைப் போட்டார்கள். மின்விசிறி ஒரு கணம் யோசித்துவிட்டு எகிறிச் சுற்றியது. நாற்பது கோப்புகளின் தாள்களும் ஒரே நேரத்தில் எழுந்தன. மேலாளர் இரு கைகளையும் விரித்து மேசை மேல் கவிழ்ந்தார்.

"வேகத்தைக் குறைம்மா, குறை! ரெண்டுல வை!"

ஒரு தாளும் பறக்கவில்லை. எல்லாம் குத்தியிருந்தது.