முழங்கால் சாட்சி

உட்காரும் இடத்தில்தான் அது முதலில் வந்தது, பட்டாணி அளவில் ஒரு கட்டி. ஒரு கிழமையில் பழுத்து உடைந்தது. ஆறியதுபோல் காட்டிவிட்டு மறுபடியும் பழுத்தது. பவுத்திரம் (ஆசனவாயின் அருகே சீழ் கட்டி, உள்ளிருந்து வெளியே துவாரம் விடும் நோய்) என்ற பெயர் அப்போது எனக்குத் தெரியாது. நாற்றம் மட்டும் தெரிந்தது.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் கந்தோருக்கு வேலைக்குப் போவேன். வெள்ளவத்தையில் ரயிலேறினால் இடம் இருந்தாலும் கோட்டை வரை நின்றுகொண்டே போவேன். காற்சட்டைகளை டோபிக்குப் போடாமல் கிணற்றடியில் நானே கழுவினேன். என் மனைவி ஞானம்மாவிடம் சூட்டுக்கட்டி என்று சொல்லிச் சமாளித்தேன். என் உடம்பு எனக்கே குமட்டியது.

வியாழக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் தேவசகாயம் ஐயாவின் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். கண்ணை மூடிக் கர்த்தரிடம் வழி கேட்பார். திறந்ததும் அவரவருக்கு உரிய வழியைச் சொல்லுவார். கலியாணம், இடமாற்றம், வைத்தியம் எல்லாவற்றுக்கும் சொல்லுவார். ஞானம்மா ஞாயிற்றுக்கிழமைக் கோயிலோடு நிறுத்திக்கொள்பவள். நான் தனியாகத்தான் போய் வந்தேன்.

ஒரு வியாழன் நான் முகம் சுளிப்பதைப் பார்த்து எங்கே நோகிறது என்று கேட்டார். பெண்கள் இருந்த சபை. நான் முழங்கால் என்றேன்.

எவ்வளவு பெரிய மடத்தனம் என்று உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் முழங்காலில் நிற்பது ஒன்றுதான் எனக்கு நோகாத நிலை. அன்றுமுதல் எனக்கென்று ஒரு கட்டை நாற்காலி போட்டு அன்போடு உட்காரவைத்தார்கள்.

ஐயா கண்ணை மூடினார். திறந்து சொன்னார்: “கர்த்தர் உங்கட வலது முழங்காலைக் காட்டினவர். உள்ளுக்க ஒரு கறுத்த முடிச்சு. அதை அவிழ்த்துப் போட்டார். இனி மருந்து தேவையில்லை.”

இல்லாத நோயை ஆண்டவர் காட்டினாராம். ஆனால் அவருடைய பொய்யை நான் சொன்னால் என் பொய்யையும் சொல்லவேண்டும். காற்சட்டையைச் சுருட்டிக் காலை நீட்டினேன். முழங்காலில் எண்ணெய் பூசினார்கள்.

இரண்டு கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து செத்தேன். மூன்றாவது வியாழன் எழுந்து நின்று, முழங்காலை மடக்கிக் காட்டி, சுகமாகிவிட்டது என்று சாட்சி சொன்னேன். நாற்காலியிலிருந்து தப்பவேண்டும், வேறொரு நினைப்பும் எனக்கு இல்லை. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அந்தக் கூட்டத்தில் எலிசபெத் ரீச்சரும் இருந்தா. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிப்பவ. அவவுக்கு உண்மையாகவே முழங்கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லித் துண்டுச்சீட்டுக் கொடுத்திருந்தார்கள். என் சாட்சியைக் கேட்ட அடுத்த வியாழன், ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்ததாகச் சொன்னா. என்னைப் பார்த்துச் சிரித்தா.

அதன்பின் ஒவ்வொரு வியாழனும் அந்தக் கால் பருத்துக்கொண்டே வந்தது. உண்மையைச் சொல்லவேண்டுமா என்று நான் காலையும் மாலையும் ஜெபித்தேன். ஒரு அடையாளம் காட்டும் ஆண்டவரே என்று கேட்டேன். செய்யவேண்டியது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்ததைச் செய்யாமல் இருப்பதற்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பக்தி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

சாட்சி சொன்ன மூன்றாவது மாதம் காய்ச்சலில் கந்தோரில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். காயத்தைத் தைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் உள்ளே துணித்திரி வைத்து அடைத்தார்கள். அந்த நோவை எழுதமாட்டேன். ஏன் மூடிவிடக்கூடாது என்று கேட்டேன். டொக்டர் எங்கள் ஊர்ப் பக்கத்தவர்.

“அடியிலயிருந்துதான் ஆறிக்கொண்டு வரவேணும்,” என்றார். “மேல்தோல் முந்தி மூடினால் உள்ளுக்க திரும்பவும் சீழ் கட்டும்.”

அன்று பின்னேரம் குப்புறப் படுத்தபடி ஞானம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீழைப் பற்றிச் சொன்னபோது அவள் முகம் மாறவில்லை. சாட்சியைச் சொன்னபோது மாறியது.

“அந்த ரீச்சருக்குச் சொல்லிப்போட்டீங்களோ?”

ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

“இதுக்கு என்ன ஜெபம்? நான் நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் சொல்லுங்கோ.”

ரீச்சர் ஒரு குடையை ஊன்றிக்கொண்டு வந்தா. நோய் எங்கே, எப்படி என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். குடைப்பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டா:

“அப்ப உங்கட முழங்காலுக்கு ஒண்டும் இல்லையோ?”

“ஒருநாளும் இல்லை.”

ஞானம்மா அவவை அதே ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மூட்டுக் கசநோய் (கசநோய்க் கிருமி மூட்டுக்குள் புகுந்து எலும்பை அரிப்பது). இடுப்பிலிருந்து பாதம்வரை கல்லாக இறுகும் சாந்துக்கட்டுப் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் படுக்கவைத்தார்கள். காலை எடுக்கவேண்டி வரவில்லை. ஆனால் அது இனி மடங்காது. மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் மடங்கியிருக்குமா என்று டொக்டரைக் கேட்டேன். மடங்கியிருக்கலாம் என்றார்.

நடக்க முடிந்ததும் நான் செய்த முதல் காரியம் தேவசகாயம் ஐயாவிடம் போனது. எல்லாவற்றையும் கேட்டார். ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. “கர்த்தர் காட்டினது பிழையில்லை,” என்றார். “அது ரீச்சரின்ர முழங்கால். ஆள்தான் மாறிப்போச்சு.”

அவர் வீட்டில் கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். டிராமில் வரும்போது அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மருதானை தாண்டும்போது, அந்த முழங்காலை அவர் கையில் கொடுத்தது நான்தானே என்று நினைத்தேன். பிறகு திட்டமுடியவில்லை.

என் காயம் ஆற நான்கு மாதம் எடுத்தது. உட்காருமுன் உடம்பு இன்றும் ஒரு கணம் தயங்கும். முன்பு மாதங்கள் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. இப்போது மூன்று மாதம் என்று யார் சொன்னாலும், அவ்வளவு காலத்துக்குள் ஒரு மூட்டு எவ்வளவு அரிபடும் என்று தெரிகிறது.

சாந்துக்கட்டு வெட்டிய பிறகு ஞானம்மாவோடு ரீச்சரைப் பார்க்கப் போனேன். விறைத்த காலை ஒரு வாங்குப் பலகையின்மேல் நீட்டி வைத்திருந்தா. மன்னிப்புக் கேட்டேன். என்னை இருக்கச் சொன்னா.

“மன்னிச்சிட்டன்,” என்றா. “ஆனா எனக்காக நீங்கள் ஜெபம் பண்ணவேண்டாம்.”

அன்றிலிருந்து காலை ஜெபத்தில் அவவின் பெயர் வாய்வரை வரும். அங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஆண்டவர் என்னிடம் சொன்னதில் இதைப்போல் தெளிவாக வேறொன்றும் இல்லை. இதற்காவது கீழ்ப்படிகிறேன்.