செருப்பில்லாத வாசல்

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுக்குள் நுழைய ஒரு பக்குவம் வேண்டும். கிரில் கதவைத் திறந்ததும் காலை உயர்த்தி மண்வெட்டியைத் தாண்ட வேண்டும். பிறகு இடுப்பை ஒடித்து வண்டியின் ஹேண்டில்பாரிடம் தப்பித்து, செருப்புகளுக்கு நடுவே தரை தெரிகிற இடமாகப் பார்த்துக் கால் வைத்தால் நிலைப்படி வந்துவிடும். எனக்கு இது கண்ணை மூடிக்கொண்டு வரும். பூவத்து மச்சானுக்கு வராது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், பூவம் ஊரில் இருக்கிறவர். அவர் வீட்டு வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாகத் தெருவைப் பார்த்து நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயரில் நிற்கிற மாதிரி. ஒரு பொங்கலுக்கு அவர் தங்கைக்குச் சீர் கொண்டுவந்தார். தோளில் கரும்புக் கட்டு, கையில் பித்தளைப் பானை. மண்வெட்டியைத் தாண்டிவிட்டார். வண்டியையும் தாண்டிவிட்டார். என் ஹெல்மெட்டைத்தான் பார்க்கவில்லை. அவர் தடுமாற, கரும்பு எகிறிப் போய் டியூப்லைட்டில் மோத, அந்த வருஷத்துச் சீர் கண்ணாடித் தூளோடு வந்து சேர்ந்தது.

"மனுஷன் உள்ள வர வழி உடாத வீடு" என்றார்.

திட்டு எனக்குத்தான். ஹெல்மெட் தலையில் இருந்திருந்தால் தரையில் இருந்திருக்காது என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என்னைத் திட்டுகிற உரிமையை என் மனைவி இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"வழி இல்லாத வீட்டுக்கு நீ ஏன் வர்ற?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த பொங்கல்களுக்குச் சீர் மட்டும் யாராவது உறவுக்காரர் வண்டியில் வந்து இறங்கியது. என் மனைவி அந்தப் பானைகளைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டு, பழைய பானையிலேயே பொங்கல் வைத்தாள். நான் ஹெல்மெட்டை வேறு இடத்தில் வைக்கப் பழகினேன். படியில்.

இந்த நிலையில்தான் மச்சானின் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. அவர் மனைவி போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பத்திரிகையோடு வருவதாகச் சொன்னார். அவராகவே வருகிறேன் என்றாராம்.

பத்திரிகை வைப்பதில் இரண்டு விதம் உண்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு கையில் கொடுத்துக் கூப்பிடுவது ஒன்று. வீட்டில் ஆள் இல்லையென்றால் கதவில் செருகிவிட்டுப் போவது மற்றொன்று. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் செருகினால் போதும். கூடப் பிறந்தவளுக்குப் போதாது. கல்யாணப் பெண்ணுக்கு முதல் நலங்கு அத்தைதான் வைக்க வேண்டும். செருகிய பத்திரிகையை நம்பிப் போய் அந்த மணையருகே நிற்க என் மனைவிக்கு ரோஷம் இடம் கொடுக்காது. நலங்குக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்து, ரவிக்கைகூடத் தைத்து வைத்திருந்தாள். அண்ணன் கையால் தட்டு வாங்கினால் அது உடம்புக்கு வரும். இல்லாவிட்டால் பீரோவிலேயே இருக்கும்.

"எங்க அண்ணன் வந்து நிக்கிறப்ப வாசல்ல ஒரு குத்தம் சொல்லக் கூடாது. நீங்க வேற எதுவும் பண்ண வேணாம். இத மட்டும் பண்ணுங்க" என்றாள்.

நான் காரைக்காலில் ஒரு அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கிவைக்கிற ஆள். அடுக்குவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமையே கடைத்தெருவுக்குப் போய், கதவு வைத்த செருப்பு அலமாரி ஒன்றை வாங்கி, சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஞாயிறு விடிந்ததும் வேலையில் இறங்கினேன். மண்வெட்டி, உரச்சாக்கு, தண்ணீர் கேன், விடுதியில் படிக்கிற மகள் விட்டுப்போன ஒற்றைச் சக்கர சூட்கேஸ் எல்லாம் கொல்லைக்குப் போயின. வண்டியையும் சந்து வழியாகப் பின்பக்கம் தள்ளினேன். செருப்புகளை ஒன்று விடாமல் அலமாரிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினேன். நிலைக்குப் பக்கத்துச் சுவரில் அலமாரி அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. தரையைக் கழுவி, ஈ வராமல் இருக்க வாசற்கதவையும் சாத்திவிட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வூடுதானா?" என்றாள். அவள் வாயிலிருந்து நான் வாங்கிய பாராட்டுகளில் இது நீளமானது.

பிறகு காத்திருந்தோம். அவள் சமையலறையில் வடைக்கு அரைக்க மிக்ஸியைப் போட்டாள். எனக்குச் சுத்தம் தலைக்கேறிவிட்டது. கொல்லையில் உட்கார்ந்து மண்வெட்டியில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. சந்தேகப்பட்டுப் போய் வாசற்கதவைத் திறந்தால், கைப்பிடியில் மஞ்சள் தடவிய பத்திரிகை செருகியிருந்தது.

பெல் அடிக்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். பெல் இருந்த இடத்தில் அலமாரி இருந்தது.

ஆனால் பெல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் பெல்லைத் தேடிக்கொண்டு வருவதில்லை. வாசலில் செருப்பு கிடக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கிடந்தால் ஆள் இருக்கிறது, குரல் கொடுக்கலாம். செருப்பும் இல்லை, வண்டியும் இல்லை, கதவும் சாத்தியிருக்கிறது என்றால் குடும்பமே ஊரில் இல்லை. நான் சுத்தம் செய்த வாசல், அதைத்தான் அவரிடம் சொல்லியிருந்தது.

மனைவி பத்திரிகையைக் கையில் வாங்கவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தாள். பிறகு அண்ணிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் குசுகுசுவென்று பதில் வந்தது. நாங்கள் வேண்டுமென்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டோம் என்று மச்சான் கொதித்துக்கொண்டிருக்கிறாராம். உள்ளேதான் இருந்தோம் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாராம். இப்போது காரைக்காலில் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், சாயங்காலம் இதே வழியாகத்தான் பூவம் திரும்புவார்கள், ஆனால் நிற்கமாட்டார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டினால் தேவலை போலிருந்தது. "செருப்பெல்லாம் எடுத்து வெளில போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பீரோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

எடுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் இருந்ததே அத்தனைதானா என்று வாசல் வெறிச்சென்று பட்டது. வண்டியில் வேகமாகப் போகிறவர் கண்ணில் இது விழ வேண்டாமா? பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கொஞ்சம் செருப்பு இரவல் கேட்டேன். உப்பு, காப்பித்தூள் எல்லாம் இரவல் கொடுத்துப் பழகியவர்தான். இதற்குக் காரணம் கேட்டார். சொன்னேன். தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆளாளுக்குச் செருப்போடு வந்தார்கள். கழற்றிப் போட்டவர்கள் போகவில்லை. அண்ணன் தங்கை விவகாரம் எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டாமா? நிற்கிறார்களே என்று அக்கா வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தெருவோரமாகப் போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். பேச்சுச் சத்தத்தில் வண்டிச் சத்தம் கேட்காமல் போய்விடும் என்று நான்தான் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னேன். நான் வேட்டியோடு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, வாசற்படியில் முகத்தைத் தொங்கவிட்டு நின்றேன்.

சாயங்காலம் அவர் வண்டி தெரிந்தது. சொன்ன மாதிரியே நிறுத்துகிற எண்ணம் இல்லாமல் முகத்தை நேராக வைத்துக்கொண்டுதான் வந்தார். வாசலுக்கு நேரே வந்ததும் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். பிரேக் கிறீச்சிட்டது. வண்டி சாய்ந்தது. பின்னால் இருந்த அண்ணி எப்படியோ குதித்துக் காலூன்றினார்.

வாசல் நிறையச் செருப்பு, வரிசையாக நாற்காலி, வாய் திறக்காத ஜனம், துண்டோடு நான். சாவு வீட்டுக்குப் பந்தல் ஒன்றுதான் பாக்கி என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "மச்சான், வாங்க" என்றேன். பதற்றத்தில் குரல் உடைந்து, அதையும் கெடுத்துவிட்டது.

"பாப்பா..." என்று தங்கையைக் கூப்பிட்டு அலறியபடி செருப்புக் குவியலை ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கூடத்தில் என் மனைவி ஜல்லிக்கரண்டியோடு நின்றிருந்தாள். வடை சுட்டுக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மூச்சு இரைத்தது. இவள் அவர் கண்ணைப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

"அண்ணே, செருப்பு" என்றாள்.

செருப்பை வாசலில் ஜோடியாக நிறுத்தாமல் எந்த வீட்டுப் படியும் ஏறாத மனுஷன், அதைப் போட்டுக்கொண்டே எங்கள் கூடத்தின் நடுவில் நின்றார். குனிந்து பார்த்தார். "இரு, வரேன்" என்று வெளியே போனார். கழற்றினார். அந்த நிலையிலும் ஒன்றோடொன்று ஒட்டி, தெருவைப் பார்க்க வைத்தார். அண்ணி பையிலிருந்து தட்டை எடுத்தார். இருவரும் சேர்ந்து, அப்போதுதான் வருகிறவர்களைப்போல் படியேறி வந்தார்கள்.

தட்டை வாங்கியதும் என் மனைவி அழுதாள். அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, போட்டு வச்சா தடுக்கி உழுவுறேன். சுத்தம் பண்ணா உசுரு போவுது. நீங்க பேசாம ஒண்ணும் பண்ணாம இருங்களேன்."

வடை ஆளுக்கு ஒன்றுதான் தேறியது, தெருவே உள்ளே இருந்ததால். கிளம்புகிறபோது வாசலில் பெரிய குழப்பம். யார் செருப்பு யாருடையது என்று தெரியாமல் ஆளாளுக்குக் குவியலைக் கிளறினார்கள். மச்சான் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்துக் கொடுத்தார். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு பழைய இடதுகால் செருப்பு மட்டும் மிஞ்சியது. "இதுக்குச் சோடி எங்க?" என்று கேட்டார். அது என்னுடையது. வலதுகால் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. ஹெல்மெட்டைத் தேடுகிறவனைப்போல நைசாக உள்ளே போய்விட்டேன்.

உள்ளே என் மனைவி நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பொங்கல் பானைகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.