ஜான்ராஜின் சிமெண்டுத் தரை

பன்னிரண்டு வருஷம் என் ஜீப்பை வெளியே வெயிலில் போட்டுத்தான் வேலை பார்த்தார் ஜான்ராஜ். பக்கத்திலேயே ஓட்டுக் கொட்டகை, வழவழவென்று சிமெண்டுத் தரை, நடுவில் ஆள் இறங்கி நின்று வண்டிக்கு அடியில் வேலை பார்க்கக் குழி. எல்லாம் காலியாகக் கிடக்கும். ஒரு நாள்கூட என் வண்டியை உள்ளே விட்டதில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்றைக்கும் உண்டு. மறைக்க ஒன்றுமில்லை.

திருச்சுழியில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. மதுரையில் ஒரு பஸ் கம்பெனியில் பிட்டராக இருந்துவிட்டு, ஊருக்கு வந்து வீட்டோடு வண்டி ரிப்பேர் வேலை பார்த்தார். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நரிக்குடிக்கும் வீரசோழனுக்கும் ஆள் ஏற்றி ஜீப்பு ஓட்டுகிறேன். மாதம் ஒரு தடவை அது படுத்துக்கொள்ளும். ஆக, அவரோடு என்னை மாதிரிப் பழகியவன் ஊரில் வேறு யாரும் இல்லை.

எண்பத்து நாலில் மகன் ராபினுக்காகத்தான் அந்தக் கொட்டகையைப் போட்டார். ராபின் லோனு போட்டு வேன் எடுக்கப்போகிறான் என்றதும், வேனின் சக்கர அகலத்தை விசாரித்து, அந்த அளவுக்குக் குழி வெட்டினார். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. கடப்பாரை பிடித்தது அவர், மண்ணை அள்ளிக் கொட்டியது அவர் சம்சாரம் அற்புதமேரி.

வேன் வருகிற அன்று சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் பண்ணுவதாக ஏற்பாடு. மாதா கோயில் சனம் முழுக்க வாசலில் நின்றது. நானும் நின்றேன். வேன் வந்தது. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும். டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் ஒட்டியிருந்தது. வேனில் பாதிப் பங்கு ராபினின் கூட்டாளி மருதுபாண்டிக்கு. அவன் வீட்டு வழக்கப்படி அருப்புக்கோட்டையிலேயே பழத்தைச் சக்கரத்துக்கு வைத்து ஏற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

ஜான்ராஜ் சாமியாரின் முகத்தைப் பார்த்தார். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இவர்தான் கையை நீட்டி வண்டியை மறித்தார்.

"கழுவிட்டு உள்ள கொண்டா."

ராபின் இறங்கவில்லை. "எதைக் கழுவ?"

"கண்ணு தெரியுதுல்ல? அதைத்தான்."

பக்கத்தில் இருந்த மருதுபாண்டி துண்டை எடுத்துக்கொண்டு இறங்கப்போனான். ராபின் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். "இருலே. உன் பாதியைக் கழுவிட்டு என் பாதி உள்ள போக வேணாம்."

ரிவர்ஸ் எடுத்தான். போய்விட்டான். தூத்துக்குடியில் உப்பு லோடு அடிக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் ஜான்ராஜ் அந்தத் தரையில் மரத்தூள் போட்டுத் தேய்ப்பார். ஒரு சொட்டு ஆயில் விழாத தரைக்கு எதற்கு மரத்தூள்? வருகிற வண்டியெல்லாம் வெளியே உடைமரத்தடியில்தான். குழி வெட்டி வைத்த மனுஷன் சாக்கை விரித்து, மல்லாந்தபடி வண்டிக்கு அடியில் நகர்வார். ஆடிக் காற்றில் புழுதி வந்து திறந்த இஞ்சினில் விழும். ஈரச் சாக்கைக் கட்டி மறைப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, என் ஜீப்புல குங்குமம் இருக்குன்னுதானே உள்ள விட மாட்டேங்கீக?"

"போலே. உன் வண்டி ஒழுகுது. தரை கெட்டுப்போகும்."

தொண்ணூறில் அற்புதமேரி இறந்தார். ராபின் பஸ்ஸில் வந்தான். அம்மாவுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டான். கல்லறைத் தோட்டத்திலிருந்தே பஸ் ஏறிவிட்டான், வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் ஜான்ராஜுக்குச் சமையலும் தானே, சாப்பாடும் தானே. கஞ்சி வட்டிலோடு கொட்டகை வாசலில் ரோட்டைப் பார்த்து உட்காருவார். வேன் சத்தம் கேட்டால் கை அப்படியே நிற்கும். வேன் கடந்து போன பிறகுதான் வாய்க்குப் போகும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஐப்பசியில், என் இஞ்சினைப் பிரித்துப் போட்ட நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊருக்கு மழை வருவதே அபூர்வம், வந்ததும் என் இஞ்சின் மேல். நான் ஜீப்பைக் கொட்டகைப் பக்கம் தள்ளினேன். நனைந்துகொண்டே வந்து வாசலை மறித்தார்.

"வேணாம்லே சீனி. அவன் வந்தா எங்க நிப்பாட்டுவான்?"

எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அது அவர் வாயிலிருந்து வந்தது. மழை விடுகிறவரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

தொண்ணூற்றாறில் நெஞ்சு அடைத்துப் படுத்துவிட்டார். மதுரையில் பார்த்த டாக்டர், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஜன்னல் வழியே கொட்டகை தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் காலையில் எஸ்டிடி பூத்துக்குப் போய் ராபினைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வாரேன் சித்தப்பா" என்றான். பிறகு, "வண்டியில வரவா, பஸ்ஸுல வரவா? அவுககிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

வந்து கேட்டேன். ஜான்ராஜ் ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தார்.

"வண்டியிலதான். மருதுபாண்டியையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

"அப்ப இனிமே என் ஜீப்பும் உள்ள வரலாமாண்ணே?"

"உன் ஜீப்பு ஒழுகுது" என்றார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அடங்க நேரமானது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வை. அவன் வந்ததும் இந்தத் தரையில வச்சே ஏத்தச் சொல்லு. சாறு பட்ட எடத்தை யாரையும் கழுவ விட்றாத."