அம்மாவின் முந்தானையில் டாக்டரின் வாட்ச்

டெட்டாலும் ஈர வைக்கோலும் கலந்த வாசனை எங்கேனும் மூக்கில் பட்டால், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையும், அதன் வாசலில் நின்று வாட்ச்சைக் கழற்றி அம்மாவிடம் நீட்டும் ‘மாட்டு டாக்டரும்’ எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். பிரசவத்தில் கன்று வயிற்றுக்குள் குறுக்கே நின்றுவிட்டால் தோள்வரை கையை உள்ளே விட்டுத்தான் திருப்ப வேண்டும்; வேலையை முடித்து அவர் கை கழுவும்வரை அந்த வாட்ச் அம்மாவின் முந்தானை முடிச்சில் பத்திரமாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவர் அரசாங்க வேலையை விட்டுவிட்டு எம்.எல்.ஏ. தேர்தலில் நின்றபோது ஊரே குதித்தது. “வாயில்லா ஜீவனையே அப்படிப் பாத்தவரு, வாயிருக்கற நம்மள வுட்டுருவாருங்களா?” என்று அம்மா வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். டாக்டர் ஜெயித்தார். இருந்த ஒரே டாக்டரை நாமே மெனக்கெட்டுச் சென்னைக்கு அனுப்பிவிட்டோம் என்பது, அன்று பட்டாசு வெடித்த எந்தப் புத்திசாலிக்கும் உறைக்கவில்லை.

அந்த ஐப்பசியில் எங்கள் செவலைப் பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றது. அதன் பாலை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ‘மாட்டாசுபத்திரி’யில் டாக்டருக்குப் பதில் யாரையும் போட்டிருக்கவில்லை. பொம்மிடியில் ஏதோ கூட்டத்துக்கு அவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா பஸ் பிடித்து ஓடினார். மேடையிலிருந்து இறங்கியவர், அப்பாவின் தோளில் கை போட்டு, “கவலப்படாதீங்க, புது டாக்டர் போடச் சொல்லியிருக்கேன், சீக்கிரமே வந்துருவாருங்க” என்றாராம். அதுவரை மாடு முக்காமல் இருக்குமா? அப்பா அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். அவர் வீடு திரும்புவதற்குள் கன்றும் போயிற்று, பசுவும் போயிற்று. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது, கல்வெட்டில் எம்.எல்.ஏ. பெயர் பளபளக்கிறது. புது டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார் என்கிறார்கள். எந்த நாள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. போன தேர்தலுக்கு எங்கள் பழைய டாக்டர் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். வெள்ளைச் சட்டையில் அந்தப் பழைய வாசனை துளியும் இல்லை. கொட்டகையைக் காட்டி அம்மா, “சினை மாடு, ரெண்டு நாளா தீனி எடுக்கலைங்க சார், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க” என்றார். அவர் கை வாட்ச்சைத் தொட்டது. அதை வாங்கி முடிந்துகொள்ள அம்மா பழைய பழக்கத்தில் கையை நீட்டினார். மணி பார்த்தவர், நீட்டிய கையில் ஒரு நோட்டீஸை வைத்து, கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.