ஆறாவது எண்

என் மின்னஞ்சலுக்கு இரண்டு பூட்டு. முதலாவது கடவுச்சொல், அது என்னிடம். இரண்டாவது, குறுஞ்செய்தியில் வரும் ஆறு எண்கள்; அவை என் கணவரின் போனுக்குப் போகும். எவனோ என் கணக்கில் நுழைந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பிய பிறகு அவர் செய்த ஏற்பாடு அது. மலிவான டேட்டாவுக்காக அடிக்கடி பிரிபெய்ட் சிம் மாற்றுகிறவள் நான். அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னிருந்தே ஒரே எண். "என் நம்பரையே போட்டுடுறேன், சேஃப் லா" என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

அப்போது சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தெப்ராவில் ஒரு கிளினிக்கில் தாதி நான். கோலாலம்பூரில் ஆறு மாத டயாலிசிஸ் பயிற்சிக்கு அவருக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தேன். சொன்னால் விடமாட்டார் என்ற பயம். இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மெயிலில் வந்த இணைப்பை அழுத்திச் சம்மதம் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை என் போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது. வெள்ளிக்கிழமை மதியம் வாங்கிய புதுப் போன் அந்த ஆறு எண்களைக் கேட்டது.

அவருக்குப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, தினமும் பைக்கில் போய்வருவார். போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நாலரை மணிக்கு, தேநீர் இடைவேளையில்தான் கூப்பிட்டார்.

"என்னா, இத்தன மிஸ்ட் கால்?"

"மெயில் திறக்கணும். இப்ப கோட் வரும், சொல்லுங்க."

ஐந்து எண்களை வாசித்தவர் நிறுத்தினார். "அப்படி என்ன அவசரம்?"

"கிளினிக் வேல."

"கிளினிக் வேலைக்கு உன் மெயில் எதுக்கு? மொதல்ல அதச் சொல்லு."

பயிற்சியைச் சொன்னேன். கோலாலம்பூரில், ஆறு மாதம் என்றேன். ஐந்து மணிக் கெடுவைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லாக்கருக்குள்தான்.

பத்தில் ஒன்றுதானே, போட்டுப் பார்க்கலாம் என்று கடைசி இடத்தில் ஒன்று என்ற எண்ணைப் போட்டேன். தவறு. இரண்டு. தவறு. மூன்று போட்டதும், நாளை முயலவும் என்று மூடிக்கொண்டது. பயிற்சி நிலையத்துக்கு அழைத்தேன். இணைப்பு வழியாக மட்டும்தான் ஏற்போம் என்றாள் அங்கிருந்த பெண். அவளைக் குறை சொல்லி என்ன? ஆத்திரமாய் வந்தது, பாதி அவர் மேல், பாதி என் மேல்.

ஏழரைக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே பேசினார்.

"பாலம் பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஆறு மாசந்தானே, போயிட்டு வா. கடைசி நம்பர் நாலு."