நாத்தனாருக்கு முதல் ஆறு

என் பக்கத்து வீட்டுக் குமுதாவுக்கு நாத்தனார் லோகேஸ்வரியைப் பார்த்தாலே வயிறு எரியும். கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட்டவள் இன்னும் தாலியை விட்டுக் கையை எடுக்கவில்லை என்பாள். எங்கள் ஊர் பண்டமாரானில் நாத்தனார் வீடு அடுத்த சந்து. வயிற்றெரிச்சலுக்கு ஓய்வே இல்லை.

கணவன் சிவநேசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். செமினியில் வீடு வாங்க ஓவர்டைம் காசையெல்லாம் பிட்காயினாகச் சேர்த்தான். அந்த வீட்டுக்குக் குமுதா திரைச்சீலை நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். கணக்குக்குச் சாவி பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்து அவற்றை இரண்டாகப் பிரித்து மனப்பாடம் செய்ய வைத்தான். யார் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது என்றான். முதல் ஆறு அக்காவுக்கு, பின் ஆறு மனைவிக்கு. அந்த 'முதல்' குமுதாவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

போன மாதம் லோகேஸ்வரி ஃபேஸ்புக் குழு ஒன்றில் பிட்காயின் பற்றி ஏதோ கேட்டு வைத்தாள். உதவி மையம் என்று ஒருவன் கூப்பிட்டான். கணக்கு முடங்கப் போகிறது, வார்த்தைகளைச் சொன்னால் காப்பாற்றலாம் என்றான். பதறிப்போய் ஆறையும் ஒப்பித்தவள், மீதி தம்பி மனைவியிடம் இருக்கிறது என்று நம்பரையும் கொடுத்தாள்.

அவன் கூப்பிட்டபோது குமுதா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கணக்கு முடங்குகிறது என்று கேட்டதும் மீனை அப்படியே போட்டுவிட்டாளாம். சொல்லிவிட வாயையும் திறந்தாள். அவசரக்காரன் முந்திக்கொண்டான்.

"உங்க நாத்தனார் கரெக்டா சொல்லிட்டாங்க அக்கா. நீங்கதான் லேட்டு."

"அப்ப அவங்ககிட்டயே கேளு லா" என்று போனை வைத்தாள்.

உடனே கணவனைக் கூப்பிட்டாள். நாத்தனாரைப் போட்டுக்கொடுக்கத்தான், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் கிடையாது. அவன் அலறியடித்துக்கொண்டு காசு முழுவதையும் புதுக் கணக்குக்கு மாற்றினான். ஒரு சென் காசுகூடப் போகவில்லை.

சாயங்காலம் லோகேஸ்வரி வந்து உட்கார்ந்து அழுதாள். சிவநேசன் தன் கையால் மைலோ கலக்கி, ஆற்றிக் கொடுத்தான்.

"காசு போயிருந்தாக்கூடப் பரவால்லக்கா. நீ அழாத."

குமுதாவைப் பார்த்து, கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொன்னான். பிறகு அக்காவின் முதுகைத் தடவிக் கொடுக்கத் திரும்பிவிட்டான்.

மறுநாள் பாசாரில் காய்கறி வாங்கும்போது என்னிடம் இதையெல்லாம் சொன்னாள். அவளால்தானே வீடு பிழைத்தது என்று நான் தட்டிக்கொடுத்தேன். அவள் கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேசாம நானும் ஏமாந்திருக்கலாம் அக்கா."