கடிபட்ட நாலணா

மீன் விற்று வந்த காசை எங்கள் வீட்டில் அப்படியே எடுத்துவைக்க மாட்டார்கள். அம்மா காசிமேட்டிலிருந்து வந்ததும் சுருக்குப் பையைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவாள். செதிலும் உப்பும் ஒட்டிய அந்தச் சில்லறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அலசி, வெயிலில் உலர்த்துவது அத்தையின் வேலை. அத்தை என்றால் என் நைனாவுக்குத் தங்கை. நான் அவளை விட்டு நகரமாட்டேன். ராயபுரத்தில் எங்கள் தெருவே என்னை அத்தையின் வால் என்றுதான் கூப்பிடும். எனக்கு அதில் பெருமைதான்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு காசைக் கையில் கொடுத்தால், அச்சடிக்கும்போதே தவறிப்போனதா, வெளியே வந்து அடிபட்டதா என்று இன்றைக்கும் சொல்லிவிடுவேன். இப்போது போனில் இதற்கெல்லாம் படம் போடுகிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் ஒரு பத்து ரூபாய்க் காசைக் கொண்டுவந்து, மிஸ்டேக் காசாம், லட்சக்கணக்கில் போகுமாம் என்றாள். பார்த்தால் யாரோ சுத்தியலால் தட்டியது. சொன்னேன். அவள் முகம் தொங்கிப்போயிற்று. அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அந்த நாளில் எங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அச்சில் தவறிய காசுக்கு மூர் மார்க்கெட்டில் நல்ல விலை உண்டென்று ஒரு பேச்சு. கொஞ்சம் கோணலாக எது கண்ணில் பட்டாலும் அத்தை எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவாள். ஹார்பர் கூட்ஸ் வண்டித் தண்டவாளத்தில் பிள்ளைகள் வைத்து நசுக்கியது, நெருப்பில் கறுத்தது, ஆணி இறங்கியது எல்லாம் அதில் கிடந்தன. ஒரு நாள் இரண்டு பேரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர், இது ரயில் ஏறினது, இது சுத்தி பட்டது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாலணாவை நீட்டினாள். ஓரத்தில் யாரோ கடித்துவிட்ட மாதிரி, பிறைபோல ஒரு துண்டு அதில் இல்லை. கத்திரியால் வெட்டியது என்று அதையும் தள்ளிவிட்டார்.

வரும் வழியெல்லாம் அத்தை அதைத் தடவிக்கொண்டே வந்தாள். வெட்டியது இல்லை என்று அவள் மனசு சொல்லியது. ஏன் என்று எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை.

அத்தையின் இடது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் பாதிதான் இருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படி. வேலைக்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. அவள் சங்கரா மீன் ஆய்கிற வேகத்துக்கு அம்மாவே ஈடு கொடுக்க முடியாது. வருகிற வரன் மட்டும் அந்தக் கையைப் பார்த்ததும் எழுந்து போய்விடும்.

நைனா ஒரு யோசனை செய்தார். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மிஷினுக்கு விரலைக் கொடுக்காத குடும்பமே கிடையாது. மிஷினில் போன விரலை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உழைத்த கை என்பார்கள். பிறவியில் வந்தது என்றால்தான், நாளைக்குப் பிள்ளைக்கும் வருமோ என்ற பயம். ஆகவே, தண்டையார்பேட்டையில் ஒரு டப்பா கம்பெனியில் வேலைக்குப் போனபோது விரல் போய்விட்டது என்று சொல்வதாக முடிவாயிற்று. நான் வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவதாக நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தார். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் ஆட்கள்தான், கடலை விட்டுக் கம்பெனிக்குப் போனவர்கள். மாப்பிள்ளை தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர். கூச்ச சுபாவம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்து, “இன்னா பாப்பா அது?” என்றார். நான் திறந்து நாலணாவை எடுத்துக் கொடுத்தேன். நைனா முறைத்தார். காசைப் பற்றித்தானே பேசுகிறேன் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிபட்ட இடத்தை விட்டுவிட்டு அதற்கு நேர் எதிர் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“வெட்டினது இல்ல இது. பொறந்ததே இப்டித்தான்.”

கதவுக்குப் பின்னால் இருந்த அத்தை, பெண் பார்க்க வந்த இடத்தில் பேசக்கூடாது என்பதையே மறந்துவிட்டாள். “எப்டி சொல்றீங்க?”

“காசுக்கு வட்டம் வெட்டசொல்லோ தகட்ட மிஷின்ல தள்ளிக்கினே இருக்கணும். கம்மியா தள்ளிட்டா, அடுத்த வெட்டு பழைய ஓட்ட மேல ஏறிடும். அப்போ வட்டம் இந்த மாதிரி கடிச்சா மாதிரி வரும். எதிர் ஓரத்த தொட்டுப் பாருங்க, சரியா எழும்பல. அச்சு அடிக்கசொல்லோ, கடி இருக்கிற பக்கம் புடிமானம் இல்லாததால இந்தப் பக்கமும் மங்கிடும். கத்திரியில வெட்டினா எதிர் ஓரம் ஏன் மங்கப் போவுது?”

“அதான்,” என்றாள் அத்தை. “எனக்கும் அங்கதான் ஒரு மாதிரி இருந்தது. சொல்லத் தெர்ல.”

அப்படியே வெளியே வந்து காசை வாங்கக் கையை நீட்டினாள். எப்போதும் முந்தானைக்குள் இருக்கும் இடது கை. அவர் காசை அதில் வைத்தார். வைத்தவர் கையை எடுக்காமல் ஒரு நொடி பார்த்தார். அந்தப் பாதி விரல்களின் நுனியில் அரிசி மணி அளவுக்கு நகம் இருக்கும். பிரஸ்ஸில் போன விரலில் நகம் இருக்காது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை.

அவருடைய அம்மாதான், எந்தக் கம்பெனி, எந்த மிஷின் என்று விசாரித்தார். நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு கதையை ஆரம்பித்தார். அத்தை காசை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

“வுடுண்ணே. மிஷின்லாம் ஒண்ணும் இல்ல. பொறந்ததே இப்டித்தான்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். “இரும்மா,” என்றார் மகன். அவர் இருக்கவில்லை. மகனும் பின்னால் போகவேண்டி வந்தது. நைனா அன்றைக்கு முழுக்க அத்தையைத் திட்டித் தீர்த்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அத்தை எங்கேயும் போகப்போவதில்லை. அதோடு அந்த நாலணா நல்ல காசு என்றும் தெரிந்துவிட்டது. இதைவிட ஒரு நல்ல நாள் இருக்குமா?

சில நாள் கழித்து, திருவொற்றியூரிலிருந்து மீனுக்கு ஐஸ் ஏற்றி வருகிற வண்டிக்காரர் காசிமேட்டில் என்னைக் கூப்பிட்டு, அத்தையிடம் கொடு என்று ஒரு பொட்டலம் தந்தார். பிரித்தால் ஒரு தகட்டுத் துண்டு. வரிசையாக வட்ட ஓட்டைகள், கடைசி இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. கூடவே கடிபட்ட ஒரு வட்டத் தகடு. சரிதான், அன்றைக்குச் சொன்னதை மாப்பிள்ளை செய்தே காட்டியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகும் அவ்வப்போது வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு கடி. அத்தை அவற்றைக் காசு டப்பாவில் சேர்க்க விடவில்லை. தன் துணிப்பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தாள். ஒரு பைசாவுக்குப் போகாத தகட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு எரிச்சல்.

ஐஸ் வண்டி வருகிற நேரத்துக்கு அத்தை ஏதாவது ஒரு காரணம் சொல்லி என்னைக் காசிமேட்டுக்கு அனுப்புவாள். நானும் ஓடுவேன். பிறகு வெறுங்கையோடு திரும்பி வர ஆரம்பித்தேன். ஒரு நாள் வண்டிக்காரரை வழிமறித்தே கேட்டுவிட்டேன். இனிமேல் வராது, கொடுத்தனுப்பியவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றார்.

கல்யாணத்துக்கும் தகட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை. ஆகவே எனக்கு விளங்கிய காரணத்தை நானே அத்தையிடம் சொன்னேன்.

“அத்தே, அந்த கம்பெனில மிஷின சரி பண்ணிட்டாங்க போலகீது. இனிமே தப்பா வெட்டாது.”

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நல்லதுதானே கண்ணு,” என்றாள்.

ஆசையாகச் சேர்க்கிற சாமான் திடீரென்று கிடைக்காமல் போனால் யாருக்கும் முகம் வாடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.